பீக்கோ பாதையும் பாட்டன்மார் நடந்த பாதையும்

சில காலத்துக்கு முன்னர், கனடாவில் வாழும் என் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். விடுமுறைக்கு இலங்கை வரவிருந்த அவருடைய பிள்ளைகளுக்கு நுவரெலியா, ஹட்டன் பக்கம் நடந்தும் சைக்கிள் ஓட்டியும் பார்க்கவேண்டும் என்று ஆசை. "ஒரே நாளில் முடியவேண்டும், மாலையில் சுடுதண்ணீர்க் குளியலும் வேண்டும். ஆனால் கொஞ்சம் சாகசமும் இருக்கவேண்டும். நீங்கள் அந்த மலைகளெல்லாம் அலைந்தவராயிற்றே, மூன்று வழிகளைக் குறித்துத் தாருங்கள்" என்றார். நானும் அன்றிரவே ஒரு தாளில் மூன்று வழிகளை எழுதி அனுப்பிவைத்தேன்.

அனுப்பிய பிறகு அந்தத் தாளின் பிரதியை எடுத்து வாசித்தபோது எனக்கே வெட்கமாயிற்று. நீர்வீழ்ச்சி, பனிமூட்டம், பச்சைக் கம்பளம், பழைய பங்களா எல்லாம் அதில் இருந்தன. மனிதர் எவரும் இல்லை. மலையகத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதிய ஒருவன் தயாரித்த பட்டியல் அது! அந்தத் தாளில் விடுபட்டதை இங்கே எழுதி நிறைவு செய்கிறேன்.

நண்பரின் பிள்ளைகள் கேட்டது இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஒரு விருப்பந்தான். 2001 முதல் 2005 வரை சைக்கிளில் உலகைச் சுற்றிவந்த அலஸ்டர் ஹம்ப்ரீஸ் என்ற பிரித்தானியர், அதன் பின்னர், சாகசத்துக்கு இமயமலையோ சகாராவோ தேவையில்லை, வீட்டுக்கு அருகே ஒரு பகலும் ஓர் இரவும் போதும் என்று எழுதத் தொடங்கினார். அந்தச் 'சிறு சாகசம்' என்ற எண்ணம் பலரையும் பிடித்துக்கொண்டது. நீண்ட பாதையொன்றை ஒரு நாள் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் உணவும் உறையுளும் பேருந்தும் கிடைக்கும்படி அமைப்பது இப்போது தனியானதொரு கலையாகவே வளர்ந்துவிட்டது.

இலங்கையில் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'பீக்கோ பாதை'. ஸ்பெயின் நாட்டவரான மிகேல் குனாட் என்பவரின் எண்ணத்தில் உருவாகி, ஐரோப்பிய ஒன்றியமும் அப்போது இயங்கிவந்த அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டும் வழங்கிய நிதியுதவியுடன் வளர்ந்த நடைவழி இது. கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தருகே தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று வளைந்து, ஹோர்ட்டன் சமவெளி வழியாக ஊவா மலைகளையும் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு பகுதியையும் ஒரு பகலில் நடந்து முடித்துவிடலாம். பீக்கோ என்பது தேயிலைத் தரத்தின் பெயர். இளங்கொழுந்தின் மேலுள்ள வெண்பூம்பஞ்சைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது.

இந்தப் பாதையைப் புதிதாக வெட்டவில்லை என்பதே இதன் சிறப்பு. ஏற்கெனவே அங்கே கிடந்த கரத்தை ரோடுகளையும் குதிரைத் தடங்களையும் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளையும் தேடிக் கண்டுபிடித்து இணைத்தார்கள். அவ்வாறாயின் அவற்றை முதலில் வெட்டியவர்கள் யார்? அவற்றில் முதலில் நடந்தவர்கள் யார்?

மலையில் வழி வந்த கதை

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாகும்வரை அந்த மலைகளுக்குள் சக்கரம் போகவில்லை. பொதி சுமக்கும் மாடுகளின் கூட்டமே சரக்கேற்றிச் சென்றது. சிங்களத்தில் அதற்குத் 'தவலம்' என்று பெயர். அந்த மாட்டுக் கூட்டங்கள் தங்கிச் சென்ற சமதரையே தவலந்தென்ன. இன்று முதுகில் பையுடன் அவ்வூரில் இளைப்பாறும் பயணிகள், தமக்கு முன்னர் பொதிமாடுகள் இளைப்பாறிய இடத்திலேயே இளைப்பாறுகிறார்கள்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி அமைந்தது. அவ்வேலையில் பதின்ம வயதுப் பையனாகச் சேர்ந்து, பின்னர் இலங்கையின் வீதிகளுக்கெல்லாம் பொறுப்பாளராக உயர்ந்தவர் தோமஸ் ஸ்கின்னர். மத்திய மலைக்காட்டை அளக்கச் சென்றபோது யானைத் தடங்களைப் பின்பற்றியே வழி கண்டதாக அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். யானை பொதுவாகச் செங்குத்தாக ஏறாது. மலையின் இடுப்பைச் சுற்றி மெதுவாக ஏறும். பின்னாளில் தோட்டங்களுக்குள் வெட்டப்பட்ட கரத்தை ரோடுகளும் அவ்வாறே அமைந்தன. மூட்டை ஏற்றிய மாடு மூச்சுத் திணறாமல் ஏறவேண்டும் என்பதற்காக வைத்த சரிவு, இன்று அறுபது வயதுக்காரரின் முழங்காலுக்கும் சைக்கிள்காரரின் தொடைக்கும் இதமாயிருக்கிறது.

கட்டாயமாக நடந்தவர்கள்

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அவற்றில் வேலைசெய்யத் தமிழகத்தின் திருச்சி, மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மக்கள் வரத் தொடங்கினர். பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். அது 150 மைல் தூரம். நீரில்லாத வன்னிக் காடு, மலேரியாக் காய்ச்சல், வாந்திபேதி, காட்டு விலங்கு என்று எல்லாவற்றையும் தாண்டவேண்டும். விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகரும். 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேர்வர்' கணித்தது. அந்த எண்ணிக்கை குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பெருந்தொகையானோர் அந்த வழியில் மடிந்தார்கள் என்பதில் வேறுபாடு இல்லை.

கோப்பி பருவகாலப் பயிர். ஆதலால் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் அதே வழியில் திரும்பி நடந்தவர்கள் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலை, குடும்பங்களை லயங்களில் நிலையாக நிறுத்தியது. இரயில் 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்த் துறையும் திறந்தபோது பழைய காட்டுநடை பாட்டிமார் சொல்லும் கதையாகிவிட்டது.

அந்தக் கதையை மறுபடி காலால் நடந்து பார்த்தவர்களும் உண்டு. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை முன்னிட்டு, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம், மெதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. வழிநெடுகத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். அதே 2023இல் பீக்கோ பாதையும் முழு வடிவம் பெற்றது. ஒரே ஆண்டில் இரண்டு நடைகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்து எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நடக்கக்கூடாதவர்கள்

நடந்துவந்து சேர்ந்தவர்களுக்கு அதன்பின் நடக்கும் உரிமை இல்லாமற்போனது. தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டுமுறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. வெளியார் உள்ளே வருவதும் அவ்வாறே தடுக்கப்பட்டிருந்தது. துரையின் அனுமதியின்றித் தோட்டத்துள் கால்வைத்தால் அத்துமீறல்.

எங்கள் தொழிலின் முன்னோடியான கோ. நடேசய்யர் இத்தடையை மீறிய விதம் மலையகத்தில் எல்லோரும் அறிந்த கதை. தஞ்சாவூர்க்காரரான அவர், முதன்முறை இலங்கை வந்தபோது, துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நடந்தார். கண்ணாற் கண்டதை எழுதினார். பின்னர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தி, 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். என்னைப் பொறுத்தவரை, தேயிலைத் தோட்டங்களுக்குள் விரும்பி நடந்த முதல் தமிழ்ப் பயணி அவரே. 'சாகசம்' என்ற சொல் அந்த நடைக்குப் பொருந்தும்.

எனக்கும் சிறிய அனுபவம் உண்டு. 1974. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்துகொண்டிருந்த காலம். இளம் நிருபனாக நானும் ஒரு படப்பிடிப்பாளரும் நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் வாயிலில் இறங்கினோம். காவற்காரர் உள்ளே விடவில்லை. திரும்பி நடக்கையில், புத்தகப் பையில்லாத ஒரு பையன் பின்னால் ஓடிவந்து, "ஐயா, பீலிக்கரைப் பக்கமாப் போனா குறுக்கால ஒரு வழி இருக்குங்க" என்றான். அவன் முன்னே செல்ல, நாங்கள் தேயிலைக்குள் குனிந்து நடந்து பணியக்கணக்கு லயத்தை அடைந்தோம். அங்கே கண்டதை இன்றும் என்னால் முழுமையாக எழுத முடியாது. ஒரு தாய் வெறும் தேநீரைக் கரண்டியால் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார் என்பதுடன் நிறுத்துகிறேன். நான் எழுதிய செய்தி எங்கள் பத்திரிகையில் எட்டு வரிகளாகச் சுருங்கி வெளியானது. அந்தப் பையனின் பெயரைக் கேட்கவும் நான் மறந்துவிட்டேன்.

நண்பருக்குத் திருத்திய பட்டியல்

நண்பரின் பிள்ளைகளுக்கு இப்போது நான் குறித்துத் தருவது பின்வரும் மூன்று நடைகளையே. மூன்றும் ஒரு பகலுக்குள் அடங்கும்.

முதலாவது, லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் வர்த்தகத் தேயிலையைத் தொடங்கிய தோட்டம். அவர் அமர்ந்து பார்த்த கல்லிருக்கையை இன்றும் காட்டுகிறார்கள். 1892இல் அவர் அங்கேயே இறந்தபோது, தொழிலாளர்கள் அணி அணியாக மாறிச் சுமந்து அவருடைய உடலைக் கண்டிக்குக் கொண்டு சென்றார்கள். மஹய்யாவ கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அதே ஹேவாஹெட்டப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டமும் உள்ளது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகியாக அவரைப் போற்றுகிறார்கள். டெய்லரின் கல்லிருக்கையைப் பார்ப்பவர்கள் கோவிந்தனின் பெயரையும் கேட்டுவிட்டுப் போகலாம்.

இரண்டாவது, பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடை வரை. கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த மடக்கும்புரத் தோட்டம் இந்தப் பக்கந்தான். 1947இல் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டியவரும் அவரே. இந்த நடை இரயில் நிலையத்தில் முடிவது பெரிய வசதி.

மூன்றாவது, கொட்டகலையிலிருந்து தலவாக்கலை நோக்கி. இது சைக்கிளுக்கும் ஏற்றது. டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். டெவன் தோட்டத்தில் 1977 மே மாதம், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அருவியின் இரைச்சலில் அந்தப் பெயரும் கேட்கவேண்டும் என்பது என் ஆசை.

காலத்தைப் பொறுத்தவரை, ஹட்டன், டிக்கோயா, திம்புளைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. அந்தப் பக்கத்துத் தேயிலைக்கு மணம் கூடும் பருவமும் அதுவே. மேயில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் பாதை வழுக்கும், அட்டை ஏறும். காலையில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பாதை நிறைய ஆட்கள் இருப்பார்கள். முதுகில் கொழுந்துச் சுமையுடன் இறங்கிவரும் பெண்ணுக்குச் சைக்கிள்காரர் இறங்கி நின்று வழிவிடவேண்டும். படம் எடுக்குமுன் கேட்கவேண்டும். 2024 செப்டம்பரில் அவருடைய அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோது, அதற்காக எத்தனை ஆண்டுகள் தெருவில் நின்றார்கள் என்பதை அறிந்துகொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

வழிகாட்டி சொன்னது

2024 பெப்ரவரியில் நான் பூண்டுலோயா–வட்டகொடைப் பகுதியை மறுபடி நடந்தேன். வழிகாட்டியாக வந்த இளைஞர் அந்தப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவர். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். பறவைகளின் பெயர், மலைகளின் உயரம், தேயிலையின் தரம் எல்லாவற்றையும் தடங்கலின்றிச் சொன்னார். ஒரு வளைவில் நின்று, "தம்பி, உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தவர்?" என்று கேட்டேன். அவர் சற்றுத் திகைத்தார்.

"பூட்டன் நாமக்கல் பக்கம்னு பாட்டி சொல்லும் சார். மாத்தளை வரைக்கும் நடந்துதான் வந்தாராம். கூட வந்த தங்கச்சி வழியிலயே போயிருச்சாம். ஆனா இதையெல்லாம் யாரும் கேக்கிறதில்லைங்க. கேக்காததை நம்ம எப்படிச் சொல்றது?"

"கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்" என்றேன். சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு பாதையைவிட்டு இறங்கி, தேயிலைக்கிடையே ஒரு சிறு மேட்டைக் காட்டினார். அவருடைய பாட்டியைப் புதைத்த இடம். மேலே தேயிலைச் செடிகள் வளர்ந்திருந்தன. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஆசைகாட்டி அழைத்து வந்ததாக ஒரு பழங்கதை உண்டல்லவா? அந்தத் தூருக்கடியில் உண்மையில் யார் கிடக்கிறார்கள் என்பதை அன்று பார்த்தேன்.

நடைவழி அமைப்பவர்கள் தூரம், ஏற்றம், தங்குமிடம், கழிப்பறை, அறிவிப்புப் பலகை என்று பலவற்றைச் சிந்திக்கிறார்கள். அவை அனைத்தும் தேவையே. அவற்றோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அந்தப் பாதையின் கதையை அதன் பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்லவேண்டும், அதற்குரிய கூலியும் அவர்கள் கைக்கே வரவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், பழைய கதையின் இன்னோர் அத்தியாயமாகவே அது முடியும். கொழுந்து இவர்கள் கையில், தேநீர் வேறொருவர் மேசையில்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது அந்த இளைஞரின் நினைவே முதலில் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து மக்களை மூடின. பல நாட்கள் தொடர்பு கிடைக்கவில்லை. கடைசியில் அவரே அழைத்தார். குடும்பம் தப்பியது, லயத்தின் பின்சுவர் விழுந்துவிட்டது, நாங்கள் நடந்த குறுக்குப் பாதையில் ஒரு வளைவு மண்ணோடு போய்விட்டது என்றார்.

"இனிச் சுற்றுலாக்காரர் எப்போது வருவார்களோ?" என்று நான் வருந்தினேன்.

"அவங்க வரட்டும் சார், மெதுவா வரட்டும். நாங்க பத்துப் பேர் மண்வெட்டி எடுத்து வழியைத் திருப்பி வெட்டிட்டோம். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்ல" என்றார்.

நண்பரின் பிள்ளைகளுக்கு அவருடைய தொலைபேசி இலக்கத்தை, அவரிடம் கேட்டுக்கொண்டு, அனுப்பிவைத்திருக்கிறேன். பூட்டனின் கதையையும் சொல்லவேண்டும் என்பது என் நிபந்தனை. முழங்கால் இடங்கொடுத்தால் நானும் கூடப் போவேன்.